பழுது எது, படம் எது

கணினியில் சரிசெய்த பழைய படம் ஒன்றை யாராவது நீட்டினால், என் கண் முதலில் அதிலிருப்பவரின் காதோரத்துக்குத்தான் போகும். முடி அடர்த்தி குறைந்து, இழை இழையாகப் பிரிந்து, தோலில் கலந்து மறைகிற இடம் அது. செய்தவரின் கைப்பக்குவத்தை அங்கே மறைக்கவே முடியாது. பொறுமையில்லாத கை என்றால் முடியும் தோலும் குழைந்துபோய் ஒரு விளிம்பு துருத்திக்கொண்டு தெரியும். பக்குவப்பட்ட கை என்றால் பழைய படம் எங்கே முடிகிறது, புதிய வேலை எங்கே தொடங்குகிறது என்று தேடினாலும் கிடைக்காது. அடுத்து, சேலையின் ஜரிகைக் கரை. அதற்கடுத்து, ஸ்டுடியோவின் பின்னணித் திரையில் தீட்டிய தூணும் படிக்கட்டும். முகத்தைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். முகத்தில் எல்லோருமே கவனமாக இருப்பார்கள். ஓரங்களையும் அதே அக்கறையோடு கவனித்தவரே தேர்ந்த கலைஞர்.

பழைய படங்களை மீட்டெடுப்பதை நான் ஒரு கலையாகவே கருதுகிறேன். அதற்கு மென்பொருள் அறிவு கொஞ்சம் இருந்தால் போதும். எது பழுது, எது படம் என்று பிரித்தறியும் கண் நிறைய வேண்டும். நெற்றிக்குக் குறுக்கே ஓடும் கீறல் பழுது என்பது யாருக்கும் தெரியும். கன்னத்தில் இருக்கும் கரும்புள்ளி பூஞ்சையா, மச்சமா? அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளாமல் கருவியைக் கையில் எடுக்கக் கூடாது.

படத்தில் கைவைப்பது கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது. மதராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், 1858இல் மதுரை, தஞ்சாவூர், திருவரங்கம், புதுக்கோட்டை என்று சுற்றிக் கோயில்களையும் கோட்டைகளையும் படமெடுத்தார். அவர் பயன்படுத்திய நெகட்டிவ் காகிதத்தால் ஆனது. நீல ஒளியை அது அளவுக்கு மீறி வாங்கிக்கொள்ளும். கட்டடம் சரியாக விழுந்தால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். டிரைப் நெகட்டிவின் மேலேயே வண்ணம் பூசி வானத்தில் மேகங்களை வரவழைத்தார். மரங்களின் இலைத் திரள்களுக்கும் அப்படியே உயிர் கொடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை அவர் எடுத்த அகலப்படம், 21 படங்களைச் சேர்த்து ஒட்டியது. நீளம் ஏறக்குறைய 19 அடி. ஒட்டு தெரியாமல் படங்களை இணைக்க இன்று மென்பொருளில் தனிக் கட்டளையே இருக்கிறது. அவருக்கு இருந்தது கையும் கண்ணும்தான்.

பிறகு வந்தது ஸ்டுடியோக்களின் காலம். ‘டச்சிங்’ என்று அங்கே அந்த வேலைக்குப் பெயர். சாய்வான மேசை, அதன் நடுவே ஒரு திறப்பு, கீழிருந்து வெளிச்சத்தை மேலே திருப்பிவிடும் ஒரு கண்ணாடி. திறப்பில் நெகட்டிவைப் பொருத்தி, நுனி கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சீவிய பென்சிலால் மிக மெல்லிய கோடுகளை இழுப்பார்கள். நெகட்டிவில் கறுப்பும் வெள்ளையும் இடம் மாறியிருக்கும் அல்லவா? அச்சில் கறுப்பாக விழப்போகும் சுருக்கம் அங்கே தெளிந்த கோடாக இருக்கும். அதைப் பென்சில் கரியால் நிரப்பினால் அச்சில் சுருக்கம் கரைந்துவிடும். அச்சில் கறுக்க வேண்டிய இடத்தைக் கூரான கத்தியால் மெல்லச் சுரண்டுவார்கள். இறந்தவரை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து எடுத்த படத்தில், மூடிய இமைகளின் மேல் திறந்த கண்களை வரைந்து கொடுத்தவர்களும் இவர்களே. ஸ்டுடியோவின் முத்திரை அட்டையின் அடியில் இருக்கும். டச்சிங் செய்தவரின் பெயர் எங்கும் இருக்காது.

அதனால்தான் ஒரு பழைய ஸ்டுடியோ படத்தை ஸ்கேன் செய்து பெரிதாக்கும்போது கன்னத்திலும் கண்ணடியிலும் நுண்ணிய கோடுகள் குவிந்திருப்பதைக் காணலாம். பென்சில் தடங்கள். அவற்றையும் அழுக்கு என்று எண்ணித் துடைத்துவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது பொறுக்காது. பெயர் தெரியாத ஒரு கலைஞர் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து செய்த வேலை அது. படத்தில் அதற்கும் இடமுண்டு.

கணினிக் கருவிகளின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தாமஸ் நோல், ஜான் நோல் என்ற சகோதரர்கள் உருவாக்கிய ஃபோட்டோஷாப் 1990இல் விற்பனைக்கு வந்தது. மூலப் படத்தைத் தொடாமல் அதன் மேல் தனித்தனி அடுக்குகளாக வேலை செய்ய வைக்கும் லேயர் வசதி 1994இல் சேர்ந்தது. ஹீலிங் பிரஷ் 2002இல் வந்தது. காசு கொடுக்க விருப்பமில்லாதவர்களுக்கு கிம்ப் இருக்கிறது. 1990களின் நடுவில் இரண்டு மாணவர்கள் தொடங்கிய இலவச மென்பொருள், இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். எந்த மென்பொருள் சிறந்தது என்ற விவாதத்தில் தொடக்கக்காரர்கள் வீணாக்கும் நேரத்தில் ஒரு நல்ல ஸ்கேன் எடுக்கக் கற்றுக்கொள்ளலாம்.

ஸ்கேனில்தான் பாதி வேலை இருக்கிறது. தட்டையான ஸ்கேனரின் கண்ணாடியை முதலில் துடையுங்கள். படத்தின் மேலிருக்கும் தூசியை மென்மையான, உலர்ந்த தூரிகையால் தட்டிவிடுங்கள். ஈரத் துணி கூடவே கூடாது. அஞ்சலட்டை அளவுப் படத்துக்கு 600 டிபிஐ, பாஸ்போர்ட் அளவுக்கு 1200. ஸ்கேனர் தானாகச் செய்யும் ‘அழகுபடுத்தல்’ எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். 16 பிட் டிஃப் கோப்பாகச் சேமித்து, அதைத் திறக்கவே கூடாத ஒரு பிரதியாக வேறிடத்தில் வைத்துவிட்டு, நகலில் வேலையைத் தொடங்குங்கள். பிரேமின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்ட படத்தைப் பிய்க்க முயல வேண்டாம். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யலாம். பிய்த்தால் முகம் கண்ணாடியில் தங்கிவிடும், கையில் வெறும் காகிதம் வரும்.

தேன்கூடு போன்ற மேடுபள்ளம் கொண்ட தாளில் அச்சிட்ட படங்கள் நம் வீடுகளில் நிறைய. ஸ்கேனரின் விளக்கு ஒரு பக்கமிருந்து வருவதால் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு நிழல் விழுந்து, முகமெல்லாம் புள்ளியாகிவிடும். படத்தை ஒருமுறை நேராகவும் மறுமுறை தலைகீழாகத் திருப்பி வைத்தும் ஸ்கேன் செய்து, இரண்டையும் மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, மேலடுக்கைப் பாதி ஒளி ஊடுருவும்படி விட்டால், எதிரெதிராக விழுந்த நிழல்கள் ஒன்றையொன்று பெருமளவு தின்றுவிடும்.

கறுப்பு வெள்ளைப் படமாக இருந்தாலும் வண்ணத்தில்தான் ஸ்கேன் செய்ய வேண்டும் என்று அனுபவசாலிகள் வற்புறுத்துவார்கள். இந்தக் கலையில் எனக்கு மிகப் பிடித்த வித்தைக்கு அதுதான் வாசல். ஸ்கேனர் ஒவ்வொரு படத்தையும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனல்களாகப் பதிகிறது. காப்பி சிந்திய கறை, பசை ஊறிய தடம், ஈரம் பட்ட பழுப்பு வளையம் எல்லாம் மஞ்சளும் பழுப்பும் சார்ந்த நிறங்கள். அவை நீல ஒளியை விழுங்கிவிடும், சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். நீலச் சேனலை மட்டும் திறந்து பாருங்கள்: கறை கன்னங்கரேலென்று முகத்தை மூடியிருக்கும். இப்போது சிவப்புச் சேனலை மட்டும் திறங்கள். கறை ஏறக்குறைய இல்லை! அந்த ஒற்றைச் சேனலைக் கறுப்பு வெள்ளையாக எடுத்துக்கொண்டால், தூரிகையைத் தொடாமலே முக்கால் வேலை முடிந்தது. பல ஆண்டுக் கறைக்கு அடியில் அந்த முகம் சேதமில்லாமல் இத்தனை நாளும் இருந்திருக்கிறது. முதல்முறை இதைப் பார்க்கிறவர்கள் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவதைக் கண்டிருக்கிறேன். படமே மஞ்சளாக வெளுத்துப்போயிருந்தால் கதை தலைகீழ். அங்கே உருவம் நீலச் சேனலில்தான் அழுத்தமாக ஒட்டிக்கொண்டிருக்கும். எந்தச் சேனலில் எது உயிரோடிருக்கிறது என்று முதலில் தேடிப் பார்ப்பவரைத்தான் நான் கைதேர்ந்தவர் என்பேன்.

அதன் பிறகு, ஒளியளவைத் திருத்தும் லெவல்ஸ், கர்வ்ஸ் கருவிகள். மங்கிய படத்தில் உண்மையான கறுப்பும் இருக்காது, உண்மையான வெள்ளையும் இருக்காது. எல்லாம் நடுத்தரச் சாம்பலில் சுருங்கியிருக்கும். ஒளியளவுகளின் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தின் இரு முனைகளையும் மெதுவாக உள்ளே கொண்டுவந்தால் படம் மூச்சுவிடும். ஆசைப்பட்டு அதிகமாக இழுத்தால் வெள்ளை வேட்டியின் மடிப்புகள் காணாமல் போகும். வேட்டியின் மடிப்பு தெரிகிறதா என்று பார்த்து நிறுத்துவது நல்ல அளவுகோல்.

கீறல்களுக்கும் ஓட்டைகளுக்கும் இரண்டே கருவிகள் முக்கியம். குளோன் ஸ்டாம்ப், ஓரிடத்தில் இருப்பதை அப்படியே எடுத்து இன்னோரிடத்தில் பதிக்கும். ஹீலிங் பிரஷ் கொஞ்சம் புத்திசாலி: எடுத்த இடத்திலிருந்து இழையமைப்பை மட்டும் கொண்டுவந்து, ஒளியையும் நிறத்தையும் பதிக்கும் இடத்தின் சுற்றுப்புறத்திலிருந்து வாங்கிக்கொள்ளும். பட்டுச்சேலைக் கிழிசலை, அதே சேலையின் உள்மடிப்பிலிருந்து உருவிய இழையால் தைப்பவர் செய்வதும் ஏறக்குறைய இதுதான். கன்னம், சுவர், வானம் போன்ற பரந்த இடங்களில் ஹீலிங் பிரஷ் அற்புதம். ஆனால் கறுத்த கூந்தலும் வெளிறிய பின்னணியும் சந்திக்கும் கோட்டுக்கு அருகே போனால், கூந்தலின் கறுப்பை வெளியே இழுத்துக் கலக்கிவிடும். அங்கே குளோன் ஸ்டாம்பைச் சிறிய அளவில் வைத்துக்கொண்டு, விளிம்பின் திசையிலேயே நகர வேண்டும். காதோரத்தில் குழைந்த விளிம்பு தெரிகிறது என்றேனே, அதற்குக் காரணம் பெரும்பாலும் அங்கே தவறான தூரிகையைத் தேய்த்ததுதான்.

தானாகத் தூசி நீக்கும் வடிகட்டிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 1950களின் கல்யாணப் படம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மணப்பெண்ணின் இரண்டு பக்க மூக்கிலும் மூக்குத்தி. ஒவ்வொன்றும் திரையில் சில புள்ளிகள் அகலம்கூட இல்லாத வெள்ளைப் பொட்டு. பக்கத்திலேயே, அதே அளவில், அதே வெள்ளையில் நெகட்டிவில் விழுந்த தூசியின் தடங்கள். வடிகட்டிக்கு இரண்டும் ஒன்றுதான். எல்லாவற்றையும் சேர்த்துப் பெருக்கித் தள்ளிவிடும். கம்மலின் கல், தாலிக்கொடியின் கண்ணி, ஜரிகையின் மினுக்கம், வேட்டிக்கரையின் மெல்லிய கோடு எல்லாமே இப்படிப் பலியாகும். பெரிதாக்கிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். தூசியின் விளிம்பு வெட்டியது போல் இருக்கும். கல்லின் ஒளி ஓரத்தில் மெல்லப் படர்ந்து, அடியில் ஒரு துளி நிழலோடு இருக்கும். அந்த நிழலைப் பார்த்துவிட்டு மூக்குத்தியைத் தொடாமல் தாண்டிப் போகும் கைதான் இந்தக் கலையின் உச்சம் என்று சொல்வேன். என்ன செய்தார் என்பதைவிட எதைத் தொடாமல் விட்டார் என்பதில்தான் ஒருவரின் தரம் தெரிகிறது.

கண் சிதைந்த படங்கள் கடினமானவை. ஒரு கண் நன்றாக இருந்தால் அதையே நகலெடுத்து, இடவலமாகத் திருப்பி மறுபக்கம் வைப்பது எல்லோருக்கும் தோன்றும் குறுக்குவழி. வைத்துப் பார்த்தால் ஆளே மாறியிருப்பார், ஏனென்று புரியாது. கருவிழியில் ஸ்டுடியோ விளக்கின் பிரதிபலிப்பாக ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும். இரண்டு கண்களிலும் அது ஒரே பக்கத்தில்தான் விழும். திருப்பிய கண்ணில் அது எதிர்ப்பக்கம் போய்விடுகிறது. ஒளிப்பொட்டைத் திரும்ப இடம்மாற்றினால் பாதி சரியாகும். மீதிப் பாதிக்கு அந்தக் குடும்பத்தில் வேறு படம் கிடைக்குமா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. யாருடைய இரண்டு கண்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை.

வண்ணப் படங்களின் நோய் வேறு. 1970களிலும் 80களிலும் அச்சிட்டு ஆல்பத்துக்குள்ளேயே கிடந்த படங்கள் சிவந்து போயிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மூன்று சாயங்களில் இருட்டில் முதலில் வெளுப்பது சயான் என்ற பச்சைநீலம். அது போனதும் சிவப்பு மேலோங்குகிறது. முழுப் படத்துக்கும் நீலத்தைக் கூட்டினால் வேலைக்காகாது. கர்வ்ஸில் ஒவ்வொரு சேனலையும் தனியாகத் திறந்து, நிழலுக்கு ஓர் அளவு, வெளிச்சத்துக்கு வேறோர் அளவு என்று திருத்த வேண்டும். படத்தில் சாம்பலாக இருந்தே தீர வேண்டிய ஏதாவது ஒன்றை, சிமெண்டுத் தரையோ வெள்ளைச் சட்டையின் நிழலோ, பிடித்துக்கொண்டால் மற்ற நிறங்கள் தாமாகவே வழிக்கு வரும்.

இப்போது செயற்கை நுண்ணறிவு. தெளிவில்லாத முகத்தை ஒரு நொடியில் கண்ணிமை முடி வரை துல்லியமாக்கித் தருகிறது. பார்க்கிறவர்கள் வியந்துபோகிறார்கள். நானும் அதன் திறனை மதிக்கிறேன். கீறலைக் கண்டுபிடிப்பதிலும் பின்னணியை நிரப்புவதிலும் அது பல மணிநேர உழைப்பை மிச்சப்படுத்துகிறது. முகத்தில் மட்டும் அதை அனுமதிக்க மாட்டேன். 2021இல் வெளிவந்து பரவலான ஜிஎஃப்பிகேன் என்ற கருவி, ஃபிளிக்கர் என்ற படப்பகிர்வுத் தளத்திலிருந்து திரட்டிய 70,000 முகங்களைப் பார்த்துப் பழகியது. உங்கள் கொள்ளுத்தாத்தாவின் முகம் மங்கலாக இருந்தால், அந்த முகங்களிலிருந்து கற்ற வழக்கப்படி பொருத்தமாகத் தோன்றும் ஒரு மூக்கையும் உதட்டையும் அது வைத்துவிடும். கிடைப்பது தெளிவான முகம்தான். அது உங்கள் கொள்ளுத்தாத்தாவின் முகமா என்பதைச் சொல்ல அவரைப் பார்த்தவர் ஒருவர் வேண்டும். மங்கலாக இருப்பது குறையே இல்லை. இல்லாத விவரத்தை இட்டுக்கட்டுவதுதான் குறை.

இதோடு சேர்த்து ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் ‘சரிசெய்து கொடுங்கள்’ என்று சொல்பவர்களில் பலர் ‘கொஞ்சம் கலரா ஆக்குங்க’ என்று சேர்த்துக்கொள்கிறார்கள். கேட்காமலேயே வெளுப்பாக்கிக் கொடுக்கும் கடைகளும் உண்டு. வெயிலில் நின்று உழைத்துக் கறுத்த ஒரு மனிதரின் படத்தை எடுத்து, அவர் பேரப்பிள்ளைகளுக்கு வேறொரு நிறத்தில் கொடுப்பது அவருக்குச் செய்யும் அவமரியாதை. கறுப்புத் தோலின் ஒளி அழகானது. நெற்றி மேட்டிலும் கன்ன எலும்பிலும் அது மினுங்கும் விதத்தைக் கர்வ்ஸில் கொண்டுவரத் தெரிந்தவருக்கு வெளுப்பாக்கும் தேவையே வராது.

கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணமேற்றும் ஆசையும் பலருக்கு இருக்கிறது. பழைய ஆர்த்தோகுரோமேட்டிக் படச்சுருள்களுக்குச் சிவப்பு தெரியாது. குங்குமமும் அரக்குச் சேலையும் அவற்றில் கறுப்பாகவே விழும். சாம்பல் அளவைப் பார்த்து நிறத்தை ஊகிக்கும் மென்பொருள் இங்கே ஏமாந்துபோகிறது. சேலை என்ன நிறம் என்று வீட்டில் யாருக்காவது நினைவிருந்தால் வண்ணமேற்றுங்கள். இல்லையென்றால் கறுப்பு வெள்ளையிலேயே விட்டுவிடுவது அழகு.

நீரில் நனைந்த படங்களையும் காப்பாற்றலாம். 2011 மார்ச்சில் ஜப்பானைத் தாக்கிய சுனாமிக்குப் பிறகு, சேற்றில் புதைந்த ஆல்பங்களைத் தன்னார்வலர்கள் பொறுக்கி எடுத்து, ஒவ்வொரு படமாகக் கழுவி, உலர்த்தினார்கள். ரீடச்சிங் தொழிலில் இருந்த பெக்கி மேன்சன் அங்கே போய், சேதமான படங்களை ஸ்கேன் செய்து பல நாடுகளில் இருந்த தன் துறைக்காரர்களுக்கு அனுப்பிச் சரிசெய்து வாங்கி, உரியவர்களிடம் சேர்த்தார். 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் புகுந்த வீடுகளில் எத்தனை ஆல்பங்கள் ஒட்டிப்போய்க் குப்பைக்குப் போயின என்று நினைத்தால் மனம் வலிக்கிறது. அவற்றில் பலவற்றைக் காப்பாற்றியிருக்கலாம். நனைந்த வண்ணப் படங்களைக் காயவிடாமல், சுத்தமான குளிர்ந்த நீரில் மிதக்கவிட்டு மெல்லப் பிரித்து, படப்பக்கம் மேலே இருக்கும்படி பரப்பி நிழலில் உலர்த்த வேண்டும். உடனே முடியாவிட்டால் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டு, பிறகு பொறுமையாகப் பிரிக்கலாம். ஒட்டியபடியே காய்ந்துவிட்டால் எந்த மென்பொருளாலும் திருப்பித் தர முடியாது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் கிழிந்துபோன முகத்தோடு தொடங்க வேண்டாம். சுவர் முன்னால் நின்று எடுத்த, தூசி மட்டும் விழுந்த, முகம் நன்றாக இருக்கும் ஒரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வேலையெல்லாம் தனி லேயரில் இருக்கட்டும். திரையில் நூறு சதவீத அளவில் வேலை செய்து, அடிக்கடி சிறிதாக்கி முழுப் படத்தையும் பாருங்கள். சரிசெய்த இடம் மட்டும் வழவழவென்று தெரிந்தால், சுற்றியுள்ள பகுதியில் தெரியும் நுண்புள்ளிகளான குருணைக்குச் சமமாகக் கொஞ்சம் குருணையைச் சேர்க்க வேண்டும். அன்றே முடித்துவிட நினைக்காமல், மறுநாள் காலை புதிய கண்ணோடு ஒருமுறை பாருங்கள். மிகையாகச் செய்தது தானாகத் தெரியும். கூடவே, சேதமில்லாத பழைய படங்களை நிறையப் பாருங்கள். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோ படங்களைத் தேடித் திரட்டி எண்மமாக்கியிருக்கிறது. அப்படிப்பட்ட தொகுப்புகளில் கண்ணைப் பழக்கினால், ஸ்டுடியோ விளக்கு எங்கிருந்து விழும், திரைச்சீலை எப்படி மடியும், மேசைமேல் பூச்சாடி ஏன் அங்கே இருக்கிறது என்பதெல்லாம் புரியும். பிறகு ஓட்டை விழுந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று தெரிந்து நிரப்பலாம்.

உங்கள் வீட்டில் பரணிலோ பீரோவிலோ இப்படி ஒரு படக்கட்டு இருந்தால், இந்த வாரமே வெளியே எடுங்கள். முதலில் ஸ்கேன் செய்து இரண்டு இடங்களில் சேமியுங்கள். சரிசெய்வது பிறகு நடக்கட்டும். வீட்டில் மூத்தவர் ஒருவரை அருகில் உட்காரவைத்து, யார் யார், எந்த ஊர், எந்த ஆண்டு, சேலை என்ன நிறம் என்று கேட்டு, படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதிவையுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம். அதன் அழுத்தம் முன்பக்கத்தில் கோடாகத் தெரியும்.